லண்டன் பென்ஷனும் கும்பகோணத்து மாடி அறைகளும்: ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் பல வருடம் வேலை பார்த்து நேஷனல் இன்சூரன்ஸ் (அங்கே பென்ஷனுக்குக் கணக்காகும் பங்களிப்பு) கட்டியிருக்கிறீர்கள். பென்ஷன் வயதை ஒட்டித் தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டீர்கள், அல்லது மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சொந்த வீட்டின் மாடியில் ஒன்றிரண்டு அறைகளைக் கோவிலுக்கு வருகிறவர்களுக்கு விட்டுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம் என்பது திட்டம். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நான் கும்பகோணத்தில் இப்படித்தான் இருக்கிறேன். பென்ஷனைப் பற்றிச் சொல்ல லண்டனில் ஆள் உண்டு, வாடகையைப் பற்றிச் சொல்ல இங்கே ஆடிட்டர் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துச் சொல்ல ஆள் கிடைக்காமல் நிறைய அலைந்தேன்.

எல்லோரும் கேட்கும் முதல் கேள்விக்கு இப்போதே பதில். அறை வாடகை வருகிறது என்பதற்காக பிரிட்டிஷ் ஸ்டேட் பென்ஷனில் ஒரு பென்னி குறையாது. பென்ஷன் வாங்கிக்கொண்டே வேலை செய்யலாம், தொழில் நடத்தலாம். இங்கே சம்பாதிப்பதற்கு அங்கே நேஷனல் இன்சூரன்ஸும் கட்ட வேண்டாம். பிரச்சினையெல்லாம் நீங்கள் கிளம்பும் தேதியிலும், பணம் வந்து இறங்கும் கணக்கிலும், இந்திய வரி ரிட்டர்னிலும்தான்.

இலங்கைக்குத் திரும்புகிறவர்களுக்கு முதல் நான்கு படிகளும் கடைசிப் படியும் பொருந்தும். நடுவில் உள்ள வரி விஷயம் முழுக்க இந்தியாவுக்கானது.

1. வயதையும் வருடக் கணக்கையும் பாருங்கள்

1960 ஏப்ரல் 6-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பென்ஷன் வயது 66. 1961 மார்ச் 6 முதல் 1977 ஏப்ரல் 5 வரை பிறந்தவர்களுக்கு 67. நடுவில் பிறந்தவர்களுக்கு 66-உடன் சில மாதங்கள் கூடும். அரசு இணையதளத்தில் பிறந்த தேதியைப் போட்டால் சரியான நாளையே காட்டும்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட தேதியோடு வாழ்கிற தலைமுறை நாம். அம்மா சொன்ன நட்சத்திரமும் எஸ்எஸ்எல்சி புத்தகமும் ஒத்துப்போகாது. இந்த விஷயத்தில் அதையெல்லாம் கிளறாதீர்கள். பிரிட்டிஷ் பதிவில் பல வருடமாக இருக்கும் தேதிதான் உங்கள் தேதி.

பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 10 தகுதி வருடங்கள், அதாவது நேஷனல் இன்சூரன்ஸ் பதிவில் கணக்கில் சேரும் வருடங்கள், வேண்டும். முழுத் தொகைக்குப் பொதுவாக 35. 2026-27-க்கு முழுத் தொகை வாரம் 241.30 பவுண்டு. உங்களுக்கு எவ்வளவு என்பதை அரசு இணையதளத்தில் பென்ஷன் ஃபோர்காஸ்ட் எடுத்துப் பாருங்கள். பிரிட்டனில் இருக்கும்போதே அந்த இணையக் கணக்கைத் திறந்துவிடுங்கள். நுழையும்போதெல்லாம் மொபைலுக்குக் குறியீடு அனுப்புவார்கள். அந்த லண்டன் சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு விமானம் ஏறினால் பிறகு திண்டாட்டம்தான்.

2. விடுபட்ட வருடங்களை வாங்குவது

ஃபோர்காஸ்டில் ஓட்டைகள் தெரிந்தால், பொதுவாகக் கடந்த 6 வருடங்களுக்கு உரியதைப் பணம் கட்டி அடைக்கலாம். இப்படி நாமாக முன்வந்து கட்டும் நேஷனல் இன்சூரன்ஸுக்கு வகுப்பு 3 என்று பெயர். 2026-27-க்கு அதன் கட்டணம் வாரம் 18.40 பவுண்டு, அதாவது வருடத்துக்குச் சுமார் 957 பவுண்டு. ஒரு முழு வருடம் கூடினால் பென்ஷன் வாரம் 6.89 பவுண்டு ஏறும்; வருடத்துக்கு 358 பவுண்டு. மூன்று வருடம் முடிவதற்குள் போட்ட பணம் திரும்பிவிடும். இதைவிட நல்ல முதலீட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் 2016-க்கு முந்தைய வருடங்களைப் பொதுவாக இப்போது வாங்க முடியாது; அதற்கான சலுகைக் காலம் 2025 ஏப்ரல் 5-உடன் முடிந்துவிட்டது. இப்போது வாங்கக்கூடிய வருடங்களிலும் எல்லோருக்கும் தொகை ஏறும் என்பதில்லை. பென்ஷன் வயதை எட்டாதவர்கள் ஃப்யூச்சர் பென்ஷன் சென்டருக்கும், எட்டியவர்கள் பென்ஷன் சர்வீஸுக்கும் போன் செய்து, "இந்த வருடத்துக்குக் கட்டினால் எனக்கு வாரம் எவ்வளவு கூடும்?" என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகே கட்டுங்கள்.

வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் மலிவான வகுப்பு 2-இல் கட்டலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அது பழைய கதை. வெளிநாட்டில் கழியும் காலத்துக்கு 2026 ஏப்ரல் 6 முதல் அந்த வழி மூடப்பட்டுவிட்டது.

3. கிளம்பும் தேதியை யோசித்து வையுங்கள்

இதை இரண்டு முறை படியுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் வசிப்பவர்களுக்கு ஸ்டேட் பென்ஷன் உறைந்துவிடும். பிரிட்டனில் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறும் உயர்வு உங்களுக்குக் கிடையாது. அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், மொரீஷியஸ் போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு ஏறும். நமக்கு ஏறாது.

எவ்வளவு வலிக்கும் என்று பாருங்கள். 2020-21-இல் முழுத் தொகை வாரம் 175.20 பவுண்டு. அந்த வருடம் இந்தியாவிலிருந்தபடி வாங்கத் தொடங்கியவருக்கு இன்றும் அதே 175.20-தான். பிரிட்டனிலேயே இருக்கும் அவருடைய நண்பருக்கு 241.30.

உறைவைத் தவிர்க்க வழியில்லை. எந்தத் தொகையில் உறைய வேண்டும் என்பதில் மட்டும் கொஞ்சம் நம் கை இருக்கிறது. ஏற்கெனவே பென்ஷன் வாங்கத் தொடங்கியவர் மார்ச்சில் கிளம்பினால் பழைய தொகையில் உறைவார். ஏப்ரல் உயர்வு கணக்கில் ஏறிய பிறகு கிளம்பினால் புதிய தொகையில் உறைவார். 2026 ஏப்ரலில் அந்த வித்தியாசம் முழுத் தொகைக்கு வாரம் 11.05 பவுண்டு, வருடத்துக்கு ஏறக்குறைய 575 பவுண்டு. ஆயுள் முழுவதும் வரும் தொகை. பங்குனியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருந்தால் சித்திரைக்குத் தள்ளுங்கள்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க பிரிட்டன் போகும்போது, அங்கே இருக்கும் நாட்களுக்கு மட்டும் உயர்ந்த தொகையைக் கேட்டு வாங்கலாம். நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. திரும்பியதும் பழைய தொகைக்கு இறங்கிவிடும். நிரந்தரமாக அங்கே திரும்பிப் போனால் முழு உயர்வும் சேர்ந்து வரும்.

"மகன் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு இங்கே இருந்துகொள்ளுங்களேன், யாருக்குத் தெரியும்?" என்று யோசனை சொல்ல ஒருவராவது வருவார். செய்யாதீர்கள். அது மோசடி. கண்டுபிடித்தால் கூடுதலாகக் கொடுத்ததை எல்லாம் திரும்பக் கேட்பார்கள்.

பிரிட்டனும் இந்தியாவும் பேசி முடித்த இரட்டைப் பங்களிப்பு ஒப்பந்தம் இந்த உறைவை நீக்கிவிட்டதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது கம்பெனிகள் தற்காலிகமாக அனுப்பும் ஊழியர்களுக்கானது. நம் பென்ஷனோடு அதற்குச் சம்பந்தமில்லை.

4. விண்ணப்பம்

பென்ஷன் தானாக வராது, கேட்க வேண்டும். பென்ஷன் வயதுக்கு 4 மாதம் முன்பிருந்தே வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கலாம். தாமதமானாலும் 12 மாதம் வரை பின்தேதியிட்டுக் கேட்கலாம். பொறுப்பு இன்டர்நேஷனல் பென்ஷன் சென்டருடையது. போனில் பேசலாம், அல்லது படிவத்தை இறக்கி நிரப்பி வுல்வர்ஹாம்ப்டன் முகவரிக்கு அனுப்பலாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: நேஷனல் இன்சூரன்ஸ் எண், பாஸ்போர்ட், திருமணத் தேதி, மனைவி அல்லது கணவரின் பிறந்த தேதியும் அவருடைய நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணும், எந்தெந்த நாட்டில் எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தீர்கள் என்ற பட்டியல், வங்கி விவரம். மனைவியோ கணவரோ காலமாகிவிட்டிருந்தால் இறப்புச் சான்றிதழும் வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு நகலை மகளிடமோ மகனிடமோ கொடுத்து வையுங்கள்.

இரண்டு விஷயங்களில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது பெயர். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி முழுசாக நிற்கும், இங்கே வங்கிப் புத்தகத்தில் "ஆர்." என்று இனிஷியலாகச் சுருங்கியிருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று பணம் திரும்பிப் போக அது போதும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வங்கியிலும் பான் கார்டிலும் பெயர் இருக்கட்டும்.

இரண்டாவது முகவரி. "பழைய எண் 14, புதிய எண் 31, பெருமாள் கோவில் பின்புறம்" என்பது நம் தபால்காரருக்குப் புரியும். வுல்வர்ஹாம்ப்டன் கம்ப்யூட்டரில் அந்த வரி பாதியில் வெட்டுப்பட்டுப் பதிவாகும். புதிய எண், தெரு, ஊர், பின்கோடு என்று சுருக்கமாகக் கொடுங்கள். கடைசிப் படியில் சொல்லப்போகும் கடிதம் இந்த முகவரிக்குத்தான் வரும்.

5. பணம் எந்தக் கணக்கில் இறங்க வேண்டும்

பென்ஷனை பிரிட்டிஷ் வங்கிக் கணக்கிலும் வாங்கலாம், நேராக இந்தியக் கணக்கிலும் ரூபாயாக வாங்கலாம். 4 வாரத்துக்கு ஒருமுறையா 13 வாரத்துக்கு ஒருமுறையா என்றும் நீங்கள் சொல்லலாம். படிவத்தில் கேட்கும் ஐபேன் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) இந்தியாவில் கிடையாது. ஸ்விஃப்ட் குறியீடும் ஐஎஃப்எஸ்சியும் கணக்கு எண்ணும்தான். எங்கள் தெருக்கோடிக் கிளையில் ஸ்விஃப்ட் குறியீடு கேட்டபோது, "அது மெயின் பிராஞ்சில் கேளுங்க சார்" என்றார்கள். மெயின் பிராஞ்சின் குறியீட்டைப் போட்டாலும் பணம் வந்து சேர்கிறது.

நேராக இங்கேயே வரட்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். திரும்பி வந்த முதல் வருடங்களில் அதில் ஒரு வரி நட்டம் இருக்கிறது. நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம், சிலருக்கு மூன்று வருடம் "ஆர்என்ஓஆர்" என்ற இடைநிலை கிடைக்கும். முந்தைய 10 வருடங்களில் 9 வருடம் வெளிநாட்டு வாசியாக இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய 7 வருடங்களில் இந்தியாவில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்த நிலையில் இருப்பவரின் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் எந்த வருமானமும் முதன்முதலில் இந்தியாவிலேயே கைக்கு வந்தால் அதற்கு வரி உண்டு. ஆகவே இந்த வருடங்களில் பென்ஷன் முதலில் பிரிட்டிஷ் கணக்கில் இறங்கட்டும். அங்கிருந்து வேண்டியதை நீங்களே இங்கே அனுப்பிக்கொள்ளுங்கள். அப்படி அனுப்புவது வருமானமாகாது.

இதற்கு பிரிட்டிஷ் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு ஒரு வங்கி, முகவரியை இந்தியாவுக்கு மாற்றிய கையோடு கணக்கை மூடப்போவதாகக் கடிதம் போட்டது. கிளம்புவதற்கு முன்பே, வெளிநாட்டு முகவரி உள்ளவர்களை வைத்துக்கொள்ளும் வங்கியாகப் பார்த்து மாறிவிடுங்கள்.

இடைநிலை முடிந்து முழு இந்திய வாசியான பிறகு எங்கே வாங்கினாலும் வரி ஒன்றுதான். அப்போது வசதிக்கு இங்கேயே வாங்கலாம். பவுண்டாகவே வைத்திருக்க விரும்பினால் இங்குள்ள வங்கியில் ஆர்எஃப்சி (திரும்பி வந்தவர்களுக்கான வெளிநாட்டு நாணயக் கணக்கு) திறக்கலாம். வெளிநாட்டில் இருந்தபோது இங்கே வைத்திருந்த பழைய என்ஆர்இ கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது. நிரந்தரமாகத் திரும்பியதை வங்கியிடம் சொல்லி மாற்ற வேண்டும்.

பிரிட்டன் பக்கத்து வரியைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஸ்டேட் பென்ஷனில் வரி பிடிக்காமல்தான் அனுப்புகிறார்கள். 2026-27-க்கான முழுப் பென்ஷன் வருடத்துக்கு 12,548 பவுண்டு. வரியில்லா வரம்பு 12,570. லண்டன் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அது தனிக் கதை. அதற்கு பிரிட்டிஷ் வரித் துறையான எச்எம்ஆர்சியில் வெளிநாட்டு வாசி உரிமையாளராகப் பதிந்துகொள்ளாவிட்டால், ஏஜென்டே 20% பிடித்துவிடுவார்.

6. மாடி அறை: வீட்டு வாடகையா, தொழிலா?

பென்ஷனும் அறை வருமானமும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

மாடியை ஒரு குடும்பத்துக்கு 11 மாத ஒப்பந்தம் போட்டு விட்டால் அது வீட்டு வாடகை. வந்த வாடகையில் சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30% கழிவு போக மற்றதற்கு வரி. நாள் கணக்கில் விட்டு, படுக்கை விரித்து, காலையில் இட்லி கொடுத்து அனுப்பினால் அது தொழில். கும்பகோணத்தில் நவக்கிரகக் கோவில்களுக்கு வருகிறவர்களை நம்பி அறை விடுகிற எங்கள் எல்லோருடையதும் தொழில்தான். 2028-இல் மகாமகம் வேறு வருகிறது.

தொழிலுக்கு உத்தேச வரி முறை உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டாலும், ஆடிட்டர்கள் இன்னும் 44ஏடி என்றுதான் சொல்வார்கள். யுபிஐ, வங்கி வழியாக வந்த வசூலில் குறைந்தது 6%, ரொக்கமாக வந்ததில் குறைந்தது 8% லாபம் என்று காட்டினால் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டாம். வருடத்துக்கு 4 லட்சம் வசூல், எல்லாம் யுபிஐ என்றால் குறைந்தபட்ச லாபம் 24,000 ரூபாய். அதே 4 லட்சம் வீட்டு வாடகையாக இருந்தால் 2.8 லட்சத்துக்கு வரி. கேட்கவே இனிக்கும். உண்மையான லாபம் அதைவிட அதிகமென்றால் அதைத்தான் காட்ட வேண்டும். ஒரு வருடம் இந்த முறையில் போய்விட்டு அடுத்த வருடம் குறைவாகக் காட்ட வெளியேறினால், பிறகு 5 வருடம் திரும்ப வர முடியாது.

இப்போது பொறி. இந்தியாவில் 60 வயது தாண்டியவருக்குத் தொழில் வருமானம் இல்லையென்றால் முன்கூட்டி வரி கட்டும் கடமை இல்லை. ரிட்டர்ன் போடும்போது கட்டினால் போதும். தொழில் வருமானம் ஒரு ரூபாய் இருந்தாலும் அந்தச் சலுகை போய்விடும். மொத்த வரி 10,000 ரூபாய் ஆனாலே முன்வரி கட்ட வேண்டும். அந்த மொத்தத்தில் பென்ஷனுக்கான வரியும் அடக்கம்.

பவுண்டு 115 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முழுப் பென்ஷன் வருடத்துக்கு 14.4 லட்சம். புதிய வரித் திட்டத்தில் 12 லட்சம் வரைக்கும்தான் வரித் தள்ளுபடி என்பதால் அதற்கு ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய் வரி வரும். மாடியில் 24,000 ரூபாய் லாபம் காட்டுகிற ஒரே காரணத்தால், அந்த லட்ச ரூபாயையும் மார்ச் 15-க்குள் கட்டியாக வேண்டும். தவறினால் மாதம் 1% என்று வட்டி ஓடும். உத்தேச முறையில் இருப்பவர்களுக்கு நான்கு தவணை கிடையாது, அந்த ஒரே தேதிதான்.

என் கணக்குப்படி, பென்ஷன் குறைவாகவும் அறை வசூல் ஓரளவு நன்றாகவும் இருந்தால் தொழில் முறை லாபம். முழுப் பென்ஷன் வாங்கிக்கொண்டு வருடத்தில் பத்திருபது நாள் மட்டும் அறை போகிறவர், பேசாமல் ஒரு குடும்பத்துக்குக் குடிக்கூலிக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அறை விடுவதற்கு மாநகராட்சித் தொழில் உரிமம் வேண்டும். டிபன் கொடுத்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவும் வேண்டும். வசூல் வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறை இணையதளத்தில் பதிய வேண்டும். சி ஃபார்ம் என்று கேட்டால் எந்த லாட்ஜ்காரரும் சொல்லிக்கொடுப்பார். லண்டனிலிருந்து வந்து தங்கும் உங்கள் சொந்த மச்சானும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தால் வெளிநாட்டவர்தான்.

7. ரிட்டர்ன் படிவம்

உத்தேச வரி என்றதும் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் பையன் ஐடிஆர்-4 படிவத்தைத் திறப்பான். தடுத்து நிறுத்துங்கள். வெளிநாட்டில் வங்கிக் கணக்கோ சொத்தோ வருமானமோ இருப்பவர் அந்தப் படிவத்தைப் பயன்படுத்த முடியாது. ஐடிஆர்-3 போட வேண்டும். வெறும் வீட்டு வாடகையும் பென்ஷனும் என்றால் ஐடிஆர்-2.

முழு இந்திய வாசியான வருடத்திலிருந்து வெளிநாட்டுச் சொத்து அட்டவணையையும் நிரப்ப வேண்டும். லண்டன் வங்கிக் கணக்கு, ஐசா (அங்கே வரியில்லாச் சேமிப்புக் கணக்கு), பிரீமியம் பாண்டு, வீடு எல்லாம் அதில் வரும். வருமானத்துக்கு ஏப்ரல் முதல் மார்ச், ஆனால் இந்த அட்டவணைக்கு மட்டும் ஜனவரி முதல் டிசம்பர். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் அபராதம் வரை போகலாம். வீடு, நிலம் நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபரில் தளர்த்தினார்கள். அதை நம்பி அட்டவணையை விட்டுவிடாதீர்கள். லண்டனில் வீடு உள்ளவருக்கு அந்தத் தளர்வால் முழுப் பலனும் இல்லை.

8. உயிர்ச் சான்று

எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து ஒரு கவர் வரும். நீங்கள் உயிரோடு இருப்பதைச் சாட்சியோடு எழுதிக் கேட்கும் படிவம். 16 வாரத்துக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் பென்ஷன் நிற்கும். யார் சாட்சிக் கையெழுத்துப் போடலாம் என்ற பட்டியல் படிவத்திலேயே இருக்கும். டாக்டர், வங்கி அதிகாரி, வழக்கறிஞர் போன்றவர்கள். உறவினர் கூடாது. ஜீவன் பிரமாண் (இந்திய டிஜிட்டல் உயிர்ச் சான்று) செய்து வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கு: அது இந்தியாவில் கொடுக்கும் பென்ஷனுக்கானது, இங்கே செல்லாது.

கையெழுத்து, முத்திரை, சாட்சியின் முகவரி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு, தடம் பார்க்கக்கூடிய தபாலில் அனுப்புங்கள். சாதாரண ஏர்மெயிலில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். கவர் வரும் சமயம் நீங்கள் பிரிட்டன் பயணத்தில் இருந்தால் கதவிடுக்கில் கிடந்தே வாரங்கள் ஓடிவிடும். கீழ்வீட்டுக்காரரிடமோ அறையைப் பெருக்க வருகிறவரிடமோ பழுப்புக் கவர் எது வந்தாலும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வையுங்கள். பென்ஷன் நின்றுவிட்டால் பதறாமல் இன்டர்நேஷனல் பென்ஷன் சென்டருக்குப் போன் போடுங்கள். சான்று போய்ச் சேர்ந்ததும் நிறுத்தியதைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் மார்ச் 15 வந்துவிடக்கூடும் என்பதால், முன்வரிக்கான பணத்தை மட்டும் தனியாக ஒரு கணக்கில் போட்டு வைத்திருங்கள்.